எதற்கும் பயன்படாத ஒரு தாவல்

இந்தச் சைக்கிளில் உட்கார முடியாது. சீட் என்று ஒன்று இருக்கிறது. ஆனால் அது பின்சக்கரத்தை ஒட்டித் தாழ்ந்து கிடக்கும். தாவும்போது உடம்புக்கும் வண்டிக்கும் நடுவே எதுவும் இடிக்கக் கூடாது என்பதற்காக அப்படி. கியர் கிடையாது. பெரும்பாலும் பின்பிரேக் மட்டும்தான். 26 அங்குலச் சக்கரங்கள், 100 மில்லிமீட்டர் அளவுக்கு அமுங்கி எழும் முன் ஃபோர்க், கால் வழுக்காமல் இருக்கச் சின்னச் சின்ன இரும்பு முளைகள் வைத்த அகலமான பெடல்கள். மண்மேட்டில் ஏறிக் காற்றில் தாவி அடுத்த சரிவில் இறங்குவதற்கென்றே செய்யப்பட்ட மவுண்டன் பைக் இது. விளையாட்டுக்குப் பெயர் டர்ட் ஜம்ப். “ஒழுங்கா உட்காரு” என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்ட எனக்கு, நாற்பத்து நான்கு வயதில், நின்றபடியே ஓட்டவேண்டிய ஒரு வண்டி கிடைத்தது.

கற்றுத்தந்தவள் என்னிடம் இளங்கலை படித்த மாணவி. கோவைக்கு வெளியே அவளுடைய மாமாவின் தரிசு நிலத்தில் அவளும் நண்பர்களும் மண்வெட்டியால் வெட்டிக் குவித்து மேடுகள் போட்டிருந்தார்கள். முதல் ஆறு வாரம் அவள் என்னைத் தாவவே விடவில்லை. வரிசையாக இருந்த சிறு மேடுகளில் பெடல் மிதிக்காமல் போகச் சொன்னாள். மேடு ஏறும்போது கையும் காலும் மடங்கி உடம்பு இலகுவாக வேண்டும். இறங்கும்போது இரண்டையும் நீட்டி வண்டியை மண்ணில் அழுத்த வேண்டும். சரியான நேரத்தில் அழுத்தினால் மிதிக்காமலே வேகம் கூடும். ஊஞ்சலில் உந்துவது போலத்தான். “மேம், கையால தள்ளாதீங்க, கால்ல நில்லுங்க” என்பாள். இருபது வருடம் வகுப்பில் நின்ற கால்கள் அதைப் பழக ஆறு வாரம் எடுத்துக்கொண்டன.

சைக்கிள் எனக்குப் புதிதல்ல. நான் புதுக்கோட்டைக்காரி. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுத்தந்த மாவட்டம் அது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதைப் பாடத்தின் ஒரு பகுதியாகவே ஆக்கினார். 1992 மகளிர் தினத்தன்று ஹேண்டில்பாரில் கொடி கட்டி, மணியடித்தபடி 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை நகரில் சைக்கிளில் போனார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல் ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே பலர் பழகினார்கள். பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்பதால் அதையே விரும்பியவர்களும் உண்டு. என் அம்மா அவர்களில் ஒருத்தி. பாரில் தம்பி, கேரியரில் குடம். ஊர் முதலில் சிரித்தது, பிறகு பழகிக்கொண்டது.

அம்மாதான் இந்த முறை அதிகம் எதிர்த்தவள். “கை காலு ஒடிஞ்சா புள்ளைக்கு யாருடி சோறாக்குறது?” என்று போனில் கேட்டாள். “நீ மட்டும் அந்தக் காலத்துல ஓட்டலயா?” என்றேன். “நான் தண்ணி எடுக்க ஓட்டுனேன். நீ என்னத்துக்குக் குதிக்கிற?”

அந்தக் கேள்வியை என்னால் எளிதாகத் தள்ள முடியவில்லை. பெண்கள் பெற்ற ஒவ்வொன்றையும் நாம் ஒரு பயனைக் காட்டித்தான் வாங்கியிருக்கிறோம். படித்தால் குடும்பம் முன்னேறும். வேலைக்குப் போனால் கடன் அடையும். சைக்கிள் ஓட்டினால் தண்ணீர் சீக்கிரம் வரும், கீரைக்கட்டு சந்தைக்குப் போகும். மாணவிகளுக்கு அரசு சைக்கிள் கொடுத்ததும் படிப்பு பாதியில் நிற்கக் கூடாது என்பதற்காகத்தான். எல்லாம் உண்மை, எல்லாம் தேவை. ஆனால் டர்ட் ஜம்ப் யாரையும் எங்கேயும் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை. இந்த மேட்டிலிருந்து எழுந்து ஐந்தடி தள்ளி அந்தச் சரிவில் இறங்குகிறோம். பிறகு சுற்றி வந்து மறுபடியும் அதையே செய்கிறோம். ஆணுக்கு இது விளையாட்டு, அவனிடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை. பெண்ணின் உடம்பு மட்டும் வீட்டுப் பொதுச்சொத்து. அதை உடைத்துக்கொள்ளும் உரிமை அவளுக்கு இல்லை.

பெடல் முளைகள் ஒருநாள் என் முழங்காலுக்குக் கீழே வரிசையாகக் கீறிவிட்டன. அடுத்த நாள் ஆசிரியர் அறையில் சேலை விலகியபோது ஒரு தோழி காயத்தைப் பார்த்துவிட்டார். கதவைச் சாத்திவிட்டு வந்து, “வீட்ல எதுவும் பிரச்சினையாப்பா?” என்று தணிந்த குரலில் கேட்டார். “சைக்கிள்ல மேட்டுல தாவுனேன்” என்றேன். நம்பவில்லை. படியில் விழுந்தேன் என்று சொல்லியிருந்தால் நம்பாதது போல நம்பியிருப்பார்; அந்தப் பொய் நம் எல்லோருக்கும் பழக்கமானது. பெண் உடம்பில் உள்ள காயத்துக்கு அடுப்பு, படிக்கட்டு, புருஷன் என்று மூன்று விளக்கங்கள்தாம் புழக்கத்தில் இருக்கின்றன. தானே விரும்பிப் போய் வாங்கிவந்த காயம் என்று நான்காவதாக ஒன்று இருக்க முடியும் என்பது அந்த அறைக்குள் அன்றைக்குத்தான் வந்தது.

தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் அச்சத்துக்கு நான்கு நிலைக்களன்களைச் சொல்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறைவர். எல்லாமே வெளியிலிருந்து வருபவை. அதே நூல் களவியலில் அச்சத்தைப் பெண்ணுக்கு உரிய இயல்பாகவும் வைக்கிறது. வகுப்பில் இரண்டையும் எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். மேட்டின் முன்னால் நின்றபோதுதான் இந்த இரண்டு அச்சமும் ஒன்றல்ல என்பது உடம்பில் உறைத்தது. முதலாவது வந்து போவது. இரண்டாவது பழக்கப்படுத்தப்பட்டது, எதைப் பார்த்தாலும் பிரேக்கைத் தேடுவது.

டர்ட் ஜம்ப்பில் அந்தப் பழக்கம்தான் ஆபத்து. நாங்கள் தொடங்கியது டேபிள் டாப் என்கிற மேட்டில். ஏறும் சரிவுக்கும் இறங்கும் சரிவுக்கும் நடுவில் பள்ளம் இல்லாமல் மண் நிரப்பி, மேசை மாதிரி தட்டையாக இருக்கும். வேகம் போதாவிட்டால் பள்ளத்தில் விழமாட்டோம், மேசைமேல் இறங்குவோம். அதுவும் முதுகுவரை அதிரும். உச்சிக்கு வரும்போது பயந்து பிரேக் பிடித்தாலோ, கை கால்களை விறைத்தாலோ, பின்சக்கரம் நம்மை முன்னால் தூக்கி எறியப் பார்க்கும். செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறு. சரிவின் அடியில் உடம்பைத் தாழ்த்தி அழுத்த வேண்டும். ஏற ஏறக் கால்களை நீட்டி எழ வேண்டும். கண் மேட்டின் விளிம்பில் நிற்காமல் இறங்கும் இடத்துக்குப் போய்விட வேண்டும். இறங்கும்போது முன்சக்கரத்தைச் சரிவின் போக்குக்குச் சாய்த்து, முழங்கால் மடங்கி அதிர்வை வாங்கிக்கொள்ள வேண்டும். மெதுவாகப் போவதே பாதுகாப்பு என்று கற்ற ஒருத்திக்கு, போதுமான வேகம்தான் பாதுகாப்பு என்று உடம்பு நம்பக் கொஞ்ச காலம் ஆகும்.

இலக்கியத்தில் தாவியவர்கள் யார் என்று தேடினேன். புறநானூற்றின் 243ஆம் பாட்டில், தண்டூன்றிய முதியவர் தன் இளமையை நினைக்கிறார். மணலில் பாவை செய்து பூச்சூட்டி விளையாடிய பெண்களோடு கைகோத்து ஆடியதையும், நீரோரத்து மருதமரக் கிளையில் ஏறிக் கரையில் நின்றவர்கள் வியக்க மடுவில் பாய்ந்து அடிமணலை அள்ளி வந்ததையும் சொல்லி ஏங்குகிறார். எனக்கு மிகவும் பிடித்த பாட்டு. ஆனால் பாய்ந்த நினைவு அவருடையது. அந்தப் பெண்களும் முதியவர்கள் ஆகியிருப்பார்கள். அவர்கள் எதை நினைத்து ஏங்கினார்கள் என்று பாட்டில் இல்லை.

பிறகு பாட்டிலிருந்து வெளியே வந்து தேடினேன். அமெரிக்கப் பெண் தலைவர் ஃபிரான்சஸ் வில்லார்ட் 53 வயதில் சைக்கிள் கற்று, 1895இல் அதைப் புத்தகமாகவே எழுதினார். டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021இல், இங்கிலாந்தின் சார்லட் வொர்திங்டன் முதல் சுற்றில், காற்றில் பின்னோக்கிக் கரணமடித்தபடியே ஒரு முழுச் சுற்றும் சுற்ற முயன்று விழுந்தார். இரண்டாம் சுற்றில் அதையே மறுபடியும் செய்து இறங்கித் தங்கம் வாங்கினார். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், செங்குத்தான செம்பாறைச் சரிவுகளில் நடக்கும் ரெட் புல் ராம்பேஜ் போட்டி 2001இல் தொடங்கியது. பெண்களுக்கென்று அதில் பிரிவு வந்தது 2024இல்தான். நியூசிலாந்தின் ராபின் கூம்ஸ் வென்றார். இருபத்து மூன்று ஆண்டுகள் பெண்களுக்கு என்ன தடை என்றால், அந்த உயரம் அல்ல.

என் உயரம் இரண்டடி மேடு. ஐந்தடி மேசை. பதினோராவது வாரம் ஒரு சனிக்கிழமை மாலை இரண்டு சக்கரமும் மேசையைத் தாண்டி அந்தப்பக்கச் சரிவில் இறங்கின. சத்தமே இல்லை, சரியாக இறங்கினால் அப்படித்தான் இருக்கும் என்றாள் மாணவி. காற்றில் இருந்தது அரை நொடிகூட இருக்காது. அந்த நேரத்தில் நான் யாருக்கும் எதுவாகவும் இல்லை.

அன்றிரவு அம்மாவுக்கு வீடியோவை அனுப்பினேன். வெகுநேரம் கழித்துக் கூப்பிட்டாள். “அந்த மேட்டுக்கு அங்கிட்டு என்னடி இருக்கு?” என்றாள். “ஒண்ணும் இல்லம்மா. மண்ணுதான்.” கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, அந்தக் காலத்தில் குளத்துக்கரைச் சரிவில் குடமில்லாமல் திரும்பும் நாட்களில் இரண்டு காலையும் பெடலிலிருந்து எடுத்துவிட்டு இறங்குவாள் என்று சொன்னாள். முப்பது வருடங்களில் எங்களிடம் சொல்லாத செய்தி அது.

இதைப் படிக்கும் உங்களில் யாருக்காவது ஆசை வந்தால்: தலைக்கவசமும் முழங்கால், முழங்கை உறைகளும் இல்லாமல் மேட்டில் ஏறாதீர்கள். சிறு மேடுகளில் பல வாரம் பழகுங்கள். நடுவில் பள்ளம் உள்ள மேட்டுக்கு அவசரப்படாதீர்கள். இந்த விளையாட்டில் இன்னொரு வழக்கமும் உண்டு. ஓட்டுகிறவர்கள்தாம் மண்ணும் வெட்ட வேண்டும். மழைக்குப் பிறகு விளிம்பு கரைந்துவிடும். கரம்பை கலந்து, தண்ணீர் தெளித்து, மண்வெட்டியின் பின்புறத்தால் தட்டித் தட்டி இறுக்க வேண்டும். இப்போது நாங்கள் ஐந்து பெண்கள். மண்வெட்டி மூன்றுதான் இருக்கிறது.