ழகரத்தைக் கையில் வைத்துக்கொண்டு

ஸ்கிராபிள் ஆட்டத்தில் கொஞ்சம் தேறியவர்கள், 'எஸ்' வில்லை கைக்கு வந்தால் உடனே செலவழிப்பதில்லை. கஞ்சன் முடிச்சில் காசு வைத்திருப்பதுபோல அதை ஓரமாக ஒதுக்கிவிட்டு, மற்ற ஆறு எழுத்துகளோடு மல்லுக்கட்டுவார்கள். எதிராளி ஒரு நல்ல பெயர்ச்சொல்லைப் பரப்பி முடித்ததும் அதன் வாலில் எஸ்ஸை ஒட்டி, அதே எஸ் வழியாகக் குறுக்கே தம்முடைய சொல்லையும் இறக்கி, இரண்டுக்கும் சேர்த்து மதிப்பெண் வாங்கிக்கொள்வார்கள். எதிராளி பல்லைக் கடித்துக்கொண்டு கூட்டிப் போடுவார்.

நூறு வில்லைகளில் எஸ் நான்குதான். 'ஈ' பன்னிரண்டு. 'கியூ' ஒன்றே ஒன்று, ஆனால் அதற்கு மதிப்பெண் பத்து. இந்தக் கணக்கை எந்தப் புண்ணியவான் போட்டான் என்று எனக்கு ஒரு மழைநாள் முழுக்க அரிப்பாக இருந்தது. போட்டவர் ஆல்ஃபிரட் பட்ஸ் என்ற அமெரிக்கர். கட்டடக் கலைஞர். 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலை போய்விட்டது. வேலை போனவன் நாளிதழைப் பிரித்தால் 'ஆட்கள் தேவை' பகுதியைத்தான் தேடுவான். இவர் நியூயார்க் டைம்ஸின் முதல் பக்கத்தை வைத்துக்கொண்டு எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணியிருக்கிறார். எண்ணிக்கைப்படி பார்த்தால் எஸ்ஸுக்கு இன்னும் அதிக வில்லைகள் கிடைத்திருக்க வேண்டும். பன்மைக்குச் சுலபமாக ஒட்டிக்கொள்ளும், ஆட்டம் சப்பென்று போய்விடும் என்று வேண்டுமென்றே குறைத்துவிட்டார். விளையாட்டுச் சாமான் விற்கும் நிறுவனங்கள் பல வருடங்கள் அவரைத் திருப்பி அனுப்பின. 1948இல் ஜேம்ஸ் புருனோ என்பவர் எடுத்து நடத்தத் தொடங்கியபோதுதான் ஸ்கிராபிள் என்ற பெயரே வந்தது. பட்ஸ் பென்சிலால் கோடு கோடாகப் போட்டு எண்ணியதை நினைத்தால் எனக்கு அவர்மேல் ஒரு பிரியம் வந்துவிடுகிறது.

அவருடைய ஆட்டத்தை ஆடுகிறவர்கள்மேல் அவ்வளவு பிரியம் வரவில்லை. என் பேத்தியிடம் தொடர்ந்து தோற்றுவருவதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். அவள் இரண்டெழுத்துச் சொற்களை முழுப் பட்டியலாக மனப்பாடம் செய்துவைத்திருக்கிறாள். உயிரும் மெய்யும் கையில் சமமாக இருக்கும்படி பார்த்துக்கொள்கிறாள். ஏழு வில்லைகளையும் ஒரே வீச்சில் இறக்கினால் கிடைக்கும் ஐம்பது மதிப்பெண்ணுக்காக மூன்று சுற்று பொறுமையாக எழுத்து சேர்க்கிறாள். கடைசியில், வாழ்நாளில் எங்கும் நான் கேட்டிராத ஒன்றைக் கியூவும் ஐயும் வைத்து எழுதிவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள்.

"இதுக்கு என்னம்மா அர்த்தம்?"

"அர்த்தம் எதுக்கு தாத்தா? லிஸ்ட்ல இருக்கு. பாயின்ட் போடுங்க."

இவள் பரவாயில்லை. நைஜல் ரிச்சர்ட்ஸ் என்று ஒருவர் இருக்கிறார். நியூசிலாந்துக்காரர், மலேசியாவில் குடியிருப்பவர். ஆங்கில ஸ்கிராபிளில் பலமுறை உலகப் பட்டம் வென்றவர். 2015இல் பெல்ஜியத்தில் நடந்த பிரெஞ்சு மொழிக்கான உலகப் போட்டியிலும் வென்றார். அவருக்குப் பிரெஞ்சு பேச வராது. போட்டிக்கு முன்னால் ஒன்பது வாரம் உட்கார்ந்து பிரெஞ்சுச் சொற்பட்டியலை உருப்போட்டிருக்கிறார், அவ்வளவுதான். பிரெஞ்சு தாய்மொழியாக உள்ளவர்கள் எதிரில் உட்கார்ந்து தோற்றார்கள். 2024இல் ஸ்பெயினின் கிரனாடாவில் ஸ்பானிய மொழிப் போட்டி. அதிலும் அவரே. ஸ்பானியமும் தெரியாது.

இதைப் படித்த அன்று எனக்கு ஒரே எரிச்சல். மொழி தெரியாமல் சொல்லை மட்டும் சேர்த்துவைப்பது என்ன படிப்பு என்று புலம்பினேன். பிறகு நிகண்டுகளின் நினைப்பு வந்து வாயை மூடிக்கொண்டேன். நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகளை அரிச்சுவடி முடித்த கையோடு நிகண்டில்தானே தள்ளினார்கள்? மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டை எட்டு வயதுப் பையன் விருத்தம் விருத்தமாக ஒப்பிப்பான். யானைக்கு எத்தனை பெயர் என்று அவனுக்குத் தெரியும், யானையைப் பார்த்திருக்க மாட்டான். அந்த நிகண்டின் பதினோராம் தொகுதி இன்னும் விசேஷம். பல பொருள் தரும் சொற்களைப் பொருளை வைத்துத் தொகுக்காமல் எதுகையை வைத்து, அதாவது இரண்டாம் எழுத்தை வைத்து அடுக்கியிருக்கிறார். சொல்லை அதன் உருவத்தைப் பிடித்து ஞாபகத்தில் மாட்டிவைக்கும் தந்திரம். ரிச்சர்ட்ஸ் பார்த்தால் மண்டலபுருடரைக் கட்டிக்கொண்டிருப்பார்.

எரிச்சல் தணிந்த பிறகு செய்த காரியம், தமிழுக்கு ஒரு பலகை தயாரித்தது. கூட்டாளி, அடுத்த தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். 247 எழுத்துக்கும் வில்லை வெட்டினால் பைக்குப் பதில் சாக்கு வேண்டும். அதனால் உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, ஆய்தம் ஒன்று என முப்பத்தோரு வகை வில்லைகள் போதும் என்று முடிவாயிற்று. 'க' வில்லையைக் கா, கி, கூ, கோ, க் என்று எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். வைக்கும்போது வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும், பிறகு மாற்றக்கூடாது.

ஆடத் தொடங்கியதும்தான் தெரிந்தது, ஆங்கிலப் பலகையின் உபாயங்கள் எதுவும் இங்கே செல்லாது. எஸ் மாதிரி ஒரு வில்லையில் பன்மை செய்துவிட முடியாது. 'கள்' என்றால் இரண்டு வில்லை. அதுவும் 'மரம்' என்று ஒருவர் எழுதிவிட்டால் தீர்ந்தது. மரங்கள் ஆக வேண்டுமானால் ம் போய் ங் வர வேண்டும், பலகையில் இறங்கிய வில்லையை யார் மாற்றுவது? கல்லும் பல்லும் அப்படியே. வீடு, கை இவற்றோடுதான் 'கள்' தகராறு இல்லாமல் சேரும். பட்ஸ் வேலை மெனக்கெட்டுக் குறைத்ததைத் தமிழ் தானாகவே குறைத்து வைத்திருக்கிறது.

இன்னொன்று, தனி உயிரெழுத்து. ஆங்கிலத்தில் அது இல்லாமல் சொல்லுக்கு நடுவே நகர முடியாது. இங்கே அது தலையில் மட்டும்தான் உட்காரும். மாறாக ட, ண, ர, ல, ழ, ள, ற, ன என்னும் எட்டும் தலைக்கு வரவே வரா. பள்ளியில் மொழிமுதல் எழுத்து, மொழியிறுதி எழுத்து என்று படித்தபோது இதை வைத்து ஒருநாள் எதிராளியை மடக்கலாம் என்று யாரும் சொல்லித்தரவில்லை. பலகையின் இடது ஓரக் கட்டத்தில், மேலிருந்து கீழே வரும் ஒரு சொல்லின் ற வந்து விழுந்தால் போதும், அந்த வரிசையில் அங்கிருந்து யாரும் எழுத்து எடுத்துப் போக முடியாது. ங் விழுந்தால் அடுத்தது அநேகமாகக் க வரிசைதான் என்று சொல்லிவிடலாம். ர், ழ் இரண்டும் தம்மைத் தாமே இரட்டிக்காது, அதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

இந்த எட்டெழுத்துச் சட்டத்தால் வந்த சண்டை ஒன்று உண்டு. நான் 'லட்டு' என்று வைத்தேன்.

"லகரம் மொழிக்கு முதல்ல வராது சார். இலட்டுன்னு வைங்க."

"கடையில போய் இலட்டு கேட்டா கொடுப்பானா சார்?"

"கடைக்காரன் நன்னூல் படிச்சிருந்தா கொடுப்பான்."

என்னிடம் இ இல்லை. அடுத்த சுற்றில் அவர் அதே இடத்தில் 'இலட்டு' என்று வைத்து எனக்குக் கிடைக்க வேண்டியதைவிட ஒரு மதிப்பெண் கூடுதலாக எடுத்துக்கொண்டார். தூய தமிழ் இந்த ஒரு விளையாட்டில் மட்டும் லாபகரமாக இருக்கிறது. இராத்திரி, இரயில், உரொட்டி வரைக்கும் போய்விட்டார்.

ஆட்ட முடிவில் கையில் மிஞ்சும் வில்லைக்கு மதிப்பெண் கழிக்க வேண்டும் என்பது ஆங்கில விதி. அதை நாங்கள் கொஞ்சம் திருத்தினோம். மிஞ்சியது ஒரே வில்லையாக இருந்து, அதை வைத்து ஓரெழுத்து ஒருமொழி ஒன்றைப் பொருளோடு சொல்லிவிட்டால் கழிப்பு இல்லை. நன்னூல் எழுதிய பவணந்தியார் கணக்குப்படி அவை 42. உயிரில் ஆறு, மகரத்தில் ஆறு, த, ப, ந மூன்றிலும் ஐந்தைந்து, க, ச, வ மூன்றிலும் நாலு நாலு, யகரத்தில் ஒன்று. இந்த நாற்பதும் நெடில். நொ, து இரண்டும் குறில். ஆகவே கடைசிவரை கையில் வைத்துக்கொள்ளத் தோதானது மகரம். மா, மீ, மூ, மே, மை, மோ என்று ஆறு வாசல். ழகரத்தோடு மாட்டிக்கொண்டவனுக்கு மீட்சியே கிடையாது. தமிழின் சிறப்பு எழுத்து என்று மேடைதோறும் புகழப்படும் வில்லையை அவரும் நானும் பீதியோடு கைமாற்றப் பார்க்கிறோம்.

இந்த நாற்பத்திரண்டை நான் கற்றது எப்படி என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்ப் பள்ளியில் ஒரு தமிழையா இருந்தார். பட்டியலைக் கரும்பலகையில் எழுதினார். பக்கத்தில் பொருளையும் எழுதினார். ஊ என்றால் இறைச்சி, ஏ என்றால் அம்பு, சோ என்றால் மதில், கா என்றால் சோலை, ஓ என்றால் மதகில் நீரைத் தாங்கும் பலகை. எழுதி முடித்துவிட்டு, "மணி அடிக்கிற வரைக்கும் இந்த நாற்பத்திரண்டுக்கு வெளியே எவனும் வாயத் திறக்கக்கூடாது, நானும் உட்பட" என்றார்.

முதல் ஐந்து நிமிடம் வகுப்பு செத்துக் கிடந்தது. பின் பெஞ்சிலிருந்து "வா" என்றான் ஒருவன். "நீ வா" என்றான் இன்னொருவன். "சீ, போ!" என்று மூன்றாவது குரல். அதோடு மடை திறந்துகொண்டது. பெண்கள் பக்கம் "பூ தா", "பை தா" என்று பேரம் நடந்தது. எழுந்து நின்ற ஒரு பையன் ஒரு விரலைக் காட்டிக்கொண்டு "ஐ... போ?" என்றான். ஐ என்றால் தலைவன். ஐயா, போகட்டுமா என்பதற்கு அந்தக் கடைக்குள் கிடைத்த சரக்கு அவ்வளவுதான். தமிழையா சிரிக்காமல் "போ. வா." என்றார். போய்விட்டு வா என்று இத்தனை கச்சிதமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பென்சில் கேட்டதற்கு ஒருவன் "நோ" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். வகுப்பே தமிழையாவைப் பார்த்தது. அவர் கரும்பலகையில் நோ இருந்த இடத்தைக் குச்சியால் தட்டிக் காட்டினார். பட்டியலில் இருப்பதால் செல்லும்.

அப்புறம் நடந்ததுதான் விசேஷம். என் பக்கத்துப் பையன் என்னுடைய பேனாவைப் பிடுங்கிக்கொண்டான். நான் "தா! நீ தா!" என்று கத்த, அவன் "போ! நீ போ!" என்று கத்த, தமிழையா எங்களிடம் வந்து நின்றார். அவனைப் பார்த்துக் 'கொடு' என்று அதட்ட வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். கொடு இரண்டெழுத்து. சற்று யோசித்தார். பிறகு கையை நீட்டி, "தா" என்றார்.

மறுநாள்தான் அந்த யோசனைக்குக் காரணம் சொன்னார். ஈ, தா, கொடு என்று இரத்தல் சொல் மூன்றைத் தொல்காப்பியர் பிரித்து வைத்திருக்கிறார். தாழ்ந்தவன் உயர்ந்தவனிடம் கேட்டால் ஈ. சமமானவனிடம் கேட்டால் தா. உயர்ந்தவன் தாழ்ந்தவனிடம் கேட்டால்தான் கொடு. "என் அந்தஸ்துக்கு உரிய சொல் இந்த ஆட்டத்துல இல்லடா. இருந்ததுல ஈ சொன்னா நான் உன்கிட்ட பிச்சை கேட்ட மாதிரி. அதான் உனக்குச் சமமா வந்து நின்னேன்" என்று பேனாவைப் பிடுங்கியவனைப் பார்த்துச் சொன்னார். அவன் அந்த வருடம் முழுக்க அந்தப் பெருமையிலேயே திரிந்தான்.

பேத்தியிடம் இதைச் சொன்னேன். ரசித்துக் கேட்டாள். கேட்டுவிட்டு, "வௌன்னு ஒண்ணு இருக்கே, அதை நீங்க எப்பவாவது யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா தாத்தா?" என்றாள். வௌ என்றால் கவர்தல். சொன்னதில்லை. பலகைக்கு வெளியே அதற்கு எனக்கு ஒரு வேலையும் வந்ததில்லை.

சொல்லைக் கட்டி வளர்க்கும் ஆட்டத்துக்குத் தண்டியலங்காரத்திலேயே இடம் இருக்கிறது. சித்திரகவி வகைகளில் எழுத்து வருத்தனம் என்று ஒன்று. ஒரு சொல்லோடு எழுத்து எழுத்தாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும், ஒவ்வொரு படியிலும் வேறு பொருள் கிடைக்க வேண்டும். நேர்மாறாக எழுத்தைக் கழித்துக்கொண்டே வருவது அக்கரச்சுதகம். இரண்டையும் நாங்கள் பலகைக்கு இழுத்துவந்திருக்கிறோம். கா வைத்தால் காவி ஆகும், காவி காவிரி ஆகும். இது வாலில் வளர்வது. தலையில் வளர்ப்பது கடினம், மதிப்பும் அதிகம். அண்மையில் நான் கை என்று தொடங்கினேன். நண்பர் முன்னால் வகரத்தை ஒட்டி வகை ஆக்கினார். நான் அதற்கு முன்னால் உ வைத்து உவகை ஆக்கினேன். தலையில் உயிர் ஏறிவிட்டால் அதற்கு முன்னால் இனி ஒன்றும் ஒட்ட முடியாது, கதவு சாத்தியாயிற்று. தமிழ்ப் பலகையில் உயிர் வில்லையைக் கடைசிவரை காப்பாற்ற வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன காரணம் வேண்டும்?

அவர் விடவில்லை. சொல்லுக்கு நடுவே உயிரெழுத்து வரும் இடம் ஒன்று உண்டு, அளபெடை, குறள் நெடுக இருக்கிறதே என்றார். அளபெடுத்த சொல் ஒன்றைக் கட்டி என் பூட்டை உடைத்துப் பார்க்கிறேன் என்று கால் மணி நேரம் மோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். உவகைக்கு முன்னால் எதுவும் பொருந்தவில்லை. ஆனால் வேறு மூலையில் ஒரு நெட்டெழுத்தை அளபெடுக்க வைத்து, அந்தக் கூடுதல் உயிருக்கும் தனி மதிப்பெண் கேட்டார். அளபெடைக்கு மாத்திரை உண்டு, மதிப்பெண் கிடையாது என்று நான் சொல்லிவிட்டேன். இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

இப்போது அவருடைய புதுக் கோரிக்கை, ஆய்த வில்லைக்குப் பத்து மதிப்பெண் வேண்டும் என்பது. முன்னால் குறில் வேண்டும், பின்னால் வல்லினம் வேண்டும், பையில் இருப்பதோ ஒன்று, கியூவுக்குக் கொடுப்பதை ஆய்தத்துக்குக் கொடுக்கக்கூடாதா என்கிறார். நியாயம்தான். ஆனால் ஆட்டத்தின் பாதியில் இதைக் கேட்கிறார். பஃறுளி ஆற்றைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறார் என்பது என் சந்தேகம்.