ஓய்வு என்னும் ஒரு சொல்

கல்வி கற்ற காலத்துத் தோழரைப் பல்லாண்டு கழித்துக் காண்பதைப் போன்ற இன்பம் பிறிதொன்றில்லை என்பர். அது மெய்யே. ஆயினும் அவ்வின்பத்தின் நடுவே, எதிர்பாராத ஓரிடத்தில் நம் நெஞ்சு சுடப்படுவதும் உண்டு. அங்ஙனம் சுடப்பட்ட ஒரு நாளைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்தோம். வாசகர் பொறுமையுடன் கேட்பாராக.

2025-ஆம் ஆண்டு மே மாதம் முதல் நாள் தொழிலாளர் தின விடுமுறை. அன்று ஈப்போ நகரில் தோழர் ஒருவரின் இல்லத்தில் நம் கல்லூரி வகுப்பினர் பதினொருவர் கூடினோம். 2008-ஆம் ஆண்டில் கணக்கியல் பயில ஒன்றாகச் சேர்ந்தவர்கள் நாங்கள். 2003-ஆம் ஆண்டில், கணிதமும் அறிவியலும் இந்நாட்டுப் பள்ளிகளில் ஆங்கிலத்திலே கற்பிக்கப்படத் தொடங்கியபோது, படிவம் ஒன்றில் புகுந்த கூட்டம் எங்களுடையது. கல்லூரியிலோ எல்லாமே ஆங்கிலம். வரவு, செலவு, இருப்பு, தேய்மானம் ஆகியவற்றுக்குத் தமிழிலே சொற்கள் உண்டென்பதையே, தோட்டத்து ஆப்பீசில் கிராணி வேலைக்கு வந்து, மக்களுக்குக் கணக்கைத் தமிழில் சொல்ல வேண்டி வந்த பிறகுதான் நாம் உணர்ந்தோம்.

எல்லோருக்கும் இப்பொழுது வயது முப்பத்தைந்து. சிலருக்குத் தலை நரைக்கத் தொடங்கியிருந்தது; சிலருக்கு வயிறு முன்னே வந்திருந்தது. ஒருவர் ஜொகூரிலிருந்து நாள்தோறும் பாலங்கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்பவர். தம் பிள்ளைகள் விழித்திருக்கும் முகத்தை ஞாயிற்றுக்கிழமையில்தான் காண்பதாகச் சொல்லிச் சிரித்தார். சிரிப்பில் சிரிப்பில்லை. மற்றொருவருக்கு அண்மையில் இரட்டைக் குழந்தைகள். ஒருவர் மணமே வேண்டாவென்று இருப்பவர்; அவரை மணமுடித்து வைக்காமல் விடுவதில்லையென்று மணமானவர் அனைவரும் வஞ்சினம் கூறினர். இவ்வாறு காலைப் பொழுது கழிந்தது.

உணவுக்குப் பின் பேச்சு, எவ்வாறோ, பெற்றோரை நோக்கித் திரும்பிற்று. அவரவர் வீட்டிலும் அண்மையில் ஒருவர் ஓய்வு பெற்றிருந்தனர், அன்றி ஓய்வை நெருங்கியிருந்தனர்.

முதலிற் பேசியவரின் அன்னையார் அரசாங்க மருத்துவமனையிலே தாதியாக இருந்தவர். மாதந்தோறும் ஓய்வூதியம் வருகிறது. "அம்மாவுக்கு இப்பொழுதுதான் நேரமே இல்லை, பேரப் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லவும், தோட்டத்தில் செடி வளர்க்கவும் பொழுது போதவில்லை" என்றார் அவர்.

அடுத்தவரின் தந்தையார் தமிழ்ப்பள்ளியில் தலைமையாசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர். அவரை அழைத்துக்கொண்டு இத்தோழர் திருச்சிராப்பள்ளிக்குச் சென்று வந்திருக்கிறார். கோலாலம்பூரிலிருந்து விமானத்தில் ஏறக்குறைய நான்கு மணி நேரம். அவருடைய பாட்டனாரோ, 1926-ஆம் ஆண்டில் கடலிறக்கப்பட்ட 'ரஜூலா' கப்பலின் மேல்தளத்திலே ஏறக்குறைய ஒரு வாரம் அலைக்கழிந்து வந்து இறங்கியவர். பாட்டனார் பிறந்த சிற்றூரைத் தேடிக் கண்டுபிடித்தார்களாம். வீடிருந்த இடம் இப்பொழுது வயல். பெயரைச் சொன்னால் அறிவாரில்லை. ஓய்வு பெற்ற ஆசிரியர் அவ்வயலின் வரப்பிலே சிறிது நேரம் நின்றுவிட்டு, "பார்த்தாயிற்றப்பா, இனி நம் ஊர் அங்கேதான்" என்று திரும்பிவிட்டாராம். அங்கே என்றது இந்த மலாயா மண்ணை. அவருக்கு இங்கே சொந்த வீடிருக்கிறது, சொல்லலாம்.

நிற்க. இவ்வாறு ஒவ்வொருவராகச் சொல்லி வருகையில், மூலையில் அமர்ந்திருந்த ஒரு தோழர் மட்டும் வாய் திறவாதிருந்தார். அவர் ஏன் பேசவில்லையென்பதை அங்கிருந்தோருள் நாம் ஒருவரே அறிவோம்.

அவருடைய தந்தையார் நாம் கிராணியாக இருக்கும் தோட்டத்திலே தொழிலாளி. 1982-ஆம் ஆண்டில், பதினெட்டு வயதில் பெயர் பதிந்தவர். முதலில் பால்மரம் வெட்டினார். ரப்பர் மரங்களை அழித்துச் செம்பனை நட்ட பின்னர், நீண்ட கழியில் அரிவாளைக் கட்டி அண்ணாந்து குலை வெட்டினார். நாற்பத்திரண்டு ஆண்டுகள். நாம் படிப்பு முடித்து வேலையின்றித் திரிந்தபோது, ஆப்பீசிலே ஓரிடம் காலியாயிருப்பதை மகன் வழியாக நமக்குச் சொல்லியனுப்பியவர் அவரே. வேலையில் சேர்ந்த முதல் வாரம் முழுதும் நமக்கு இரவு உணவு அவர் வீட்டிலிருந்துதான் வந்தது.

இந்நாட்டிலே 2013-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, தனியார் துறையில் குறைந்த அளவு ஓய்வு வயது 60. அவருக்கு 2024-ஆம் ஆண்டு இறுதியில் அந்த வயது நிறைந்தது. தோட்டத்து லயத்து வீடு வேலைக்கென்று கொடுக்கப்படுவது. வேலை போனால் வீடும் போகும். தோட்ட முதலாளி தம் தொழிலாளர்க்குத் தரவேண்டிய வீட்டுக்கும் வசதிகளுக்கும் 1990-ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் உண்டு. ஆனால் அஃது உழைக்கின்ற தொழிலாளியைப் பற்றியதேயன்றி, உழைத்து முடித்தவரைப் பற்றியதன்று.

ஆகவே ஒரு கடிதம் போகவேண்டும்: இன்ன தேதியோடு உமது வேலை முடிகிறது, மூன்று மாதத்துள் வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைக்க வேண்டும். அக்கடிதத்தின் மாதிரி ஆப்பீசுக் கணினியிலே எப்போதும் இருக்கிறது. பெயரையும், எண்ணையும், தேதியையும் மாற்றினால் போதும். நாம் மாற்றினோம். யாருடைய பெயரைத் தட்டுகிறோம் என்பது தெரிந்தே தட்டினோம். துரை கையெழுத்திட்டார். இன்னும் ஒரு மூன்று மாதம் தவணை கொடுக்கலாகாதா என்று துரையிடம் ஒரு சொல் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் நம்மை என்ன நினைப்பாரோ என்னும் அச்சம். அதைத் தவிர வேறு காரணம் யாதொன்றுமில்லை.

மூன்றாம் மாதக் கடைசியில் அவர் சாவியைக் கொண்டுவந்தார். வீட்டைக் கழுவிச் சுவருக்குச் சுண்ணாம்பும் அடித்திருந்தார். சாவியை மேசைமேல் வைத்து, "தம்பி, எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?" என்று கேட்டார். போட்டார். வாயிற்படி வரை சென்றவர் திரும்பி நின்று, "வீட்டுக்குப் பின்னால் ஒரு முருங்கை இருக்கிறது, நான் வைத்தது. எப்போதாவது வந்து நாலு கீரை ஒடித்துக் கொள்ளலாமா?" என்றார். அந்த வினாவுக்கு நாம் அளித்த விடையை எழுதவே கை கூசுகிறது. "துரையைக் கேட்டுச் சொல்கிறேன், ஐயா" என்றோம். கேட்கவுமில்லை, சொல்லவுமில்லை.

இப்பொழுது ஈப்போவுக்கு மீண்டும் வருவோம். தோழர்கள் வற்புறுத்தவே அவர் பேசினார். தந்தையார் தம்முடன் அடுக்குமாடி வீட்டிலே இருப்பதாகவும், நான்காம் மாடியென்றும், மின்தூக்கி இல்லையென்றும், முழங்கால் வலியால் அதிகம் இறங்குவதில்லையென்றும் கூறினார். "காலை நாலரை மணிக்கு எழுந்துவிடுகிறார். பெரட்டுக்குப் போகிற பழக்கம். எழுந்து முகங்கழுவிச் சட்டை மாட்டிக்கொண்டு, போக ஓரிடமுமின்றி வெளித்தாழ்வாரத்திலே நிற்கிறார். விடியும் வரை நிற்கிறார்" என்றார்.

பிறகு நம்மை நோக்கிப் புன்னகை செய்து, "கிராணியாரே, கடிதம் நன்றாயிருந்தது. ஒரு பிழைகூட இல்லை" என்றார்.

மற்றவர்கள் அதனை வேடிக்கையென்று எண்ணி நகைத்தனர். நாமும் நகைக்க முயன்றோம், இயலவில்லை. அவர் சொன்னதில் பகைமையில்லை. இருந்திருந்தால் நமக்கு எளிதாயிருந்திருக்கும்.

அன்றிரவு வீடு திரும்பிய பின் கணக்கைப் போட்டுப் பார்த்தோம். கணக்கப்பிள்ளைக்கு மனம் நொந்தால் கணக்குத்தானே போடத் தெரியும்! ஊழியர் சேமநிதி 1951-ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்றது; நல்ல ஏற்பாடு. தொழிலாளியின் ஊதியத்திலிருந்து நூற்றுக்கு 11 பங்கு பிடிக்கப்படுகிறது. 5,000 வெள்ளிக்கு மேற்படாத ஊதியத்திற்கு முதலாளி 13 பங்கு சேர்க்கிறார். ஆனால் ஊதியமே சிறிதாயின் நிதி எங்ஙனம் பெரிதாகும்? இந்நாட்டிலே குறைந்த அளவு ஊதியம் என்று ஒன்று சட்டமாக வந்தது 2013-ஆம் ஆண்டில்தான். அப்போது மேற்கு மலேசியாவில் 900 வெள்ளி. அதற்கு நிதியிற் சேர்வது இருபுறமும் கூட்டி மாதம் 216 வெள்ளி. 2025 பிப்ரவரியிலே அது 1,700 வெள்ளியாக உயர்ந்தது. அதற்கு 408 வெள்ளி சேரும். நம் தோழரின் தந்தையார் உழைத்த நாற்பத்திரண்டு ஆண்டுகளுள் முப்பது, அச்சட்டமே இல்லாத ஆண்டுகள். 1,700 வெள்ளி வந்ததோ, அவர் வேலையைவிட்டு இறங்கிய பிறகு.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அதுவே நம்மைத் தூங்கவிடாமற் செய்தது. சேமநிதியின் ஒரு பகுதியை ஓய்வுக்கு முன்னரே எடுக்க விதியுண்டு. வீடு வாங்குவதற்கு எடுக்கலாம். பிள்ளையின் உயர்கல்விக்கும் எடுக்கலாம். 2008-ஆம் ஆண்டிலே அந்தத் தொழிலாளி எதற்கு எடுத்தார்? மகனுடைய கல்லூரிக் கட்டணத்திற்கு எடுத்தார். அன்று கல்லூரி வாயிலில் தந்தையும் மகனும் பணங்கட்ட நின்ற வரிசையிலே நாமும் நின்றிருந்தோம். நம் கட்டணமும் நம் தந்தையாரின் சேமநிதியிலிருந்து வந்ததுதான்.

ஆகவே வகுப்பிலே நாம் அமர்ந்திருந்த நாற்காலி யாது? அஃது ஒரு வீட்டின் கதவு. நாம் வாங்கிய சான்றிதழ் யாது? அந்த வீட்டின் கூரை. அவர் தமக்கென்று வைத்திருக்கக்கூடிய வீட்டை விற்று மகனைக் கணக்குப் படிக்க வைத்தார். அவருடன் சேர்ந்து படித்த நாமோ அக்கல்வியைக் கொண்டு, பிழையில்லாமல், அவருக்கு வீட்டைக் காலி செய்யக் கடிதம் எழுதினோம்.

இதனை எவர்மீதும் பழிசுமத்தும் பொருட்டு எழுதவில்லை. இப்பொழுது அந்த லயத்து வீட்டிலே கடல்கடந்து வந்த பிற நாட்டுத் தொழிலாளர் நால்வர் இருக்கின்றனர். அவர்களும் நம் பாட்டன்மாரைப் போல் வயிற்றுக்காக வந்தவரே. அவர்களிடத்து நமக்கு மனக்குறை கிடையாது.

நம்மவர்கள் இதற்கு வழி தேடாதிருந்ததுமில்லை. தோட்டங்கள் துண்டுபோட்டு விற்கப்பட்ட காலத்திலே, 1960-ஆம் ஆண்டில், துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளரிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து, கெடாவிலே புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கி வழிகாட்டினார். ஒரு துண்டு மண்ணாவது சொந்தமாக இருக்கவேண்டும் என்பதை அவர் அன்றே உணர்ந்திருந்தார். படித்த நாமோ அதனை வரலாற்றுப் பாடமாகப் படித்து மதிப்பெண் பெற்று மறந்துவிட்டோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் நாம் அந்த லயத்துக்குச் சென்றோம். வீட்டிலிருந்த இளைஞரிடம் மலாயிலே சொல்லி, முருங்கைக் கீரை ஒரு கட்டும், பிஞ்சுக் காய் பத்தும் பறித்துக்கொண்டு ஈப்போவுக்குப் புறப்பட்டோம். நான்கு மாடி ஏறினோம். பெரியவர் கட்டைப் பார்த்தவுடனே மரத்தை அறிந்துகொண்டார். ஓர் இலையைக் கிள்ளி முகர்ந்து பார்த்தார்.

"துரை சரி என்றாரா, தம்பி?" என்று கேட்டார்.

"துரையைக் கேட்கவில்லை, ஐயா. கேட்க வேண்டியதில்லை. அன்றைக்கே நான் அதைச் சொல்லியிருக்க வேண்டும்" என்றோம்.

அவர் ஒன்றும் கூறவில்லை. சிறிது பொறுத்து, "மழை பெய்கிறதா? பத்தொன்பதாம் நம்பர்க் காட்டிலே வாய்க்கால் தூர்ந்து கிடந்ததே, வெட்டினார்களா?" என்று வினவினார். தோட்டத்துச் செய்தி ஒவ்வொன்றையும் சொன்னோம். ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். அம்மையார் அக்கீரையையே சமைத்து நமக்குச் சோறு போட்டார்.

இதன் பின் நம்மால் ஆனவை இரண்டே. இவ்வாண்டு ஓய்வு பெற வேண்டியவர் ஒருவருக்கு அதே மாதிரிக் கடிதம் போக வேண்டியிருந்தது. அதற்கு முன் துரையிடம் சென்று தவணை கேட்டோம். அவர் நம்மை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மூன்று மாதத்தை ஆறாக்கினார். நாம் அஞ்சியது போல் யாதொன்றும் நிகழவில்லை. ஓராண்டுக்கு முன்னரே இதைக் கேட்டிருக்கலாமே என்னும் வேதனைதான் மிஞ்சிற்று.

இரண்டாவது, சம்பள நாளன்று பகலிலே, நாற்பத்தைந்து வயது கடந்தவர்களை ஒவ்வொருவராக அழைத்து, அவர்களுடைய சேமநிதி அறிக்கையைத் தமிழிலே படித்துச் சொல்கிறோம்: இவ்வளவு இருக்கிறது, இதில் இவ்வளவு வீட்டுக்கு எடுக்கலாம், அறுபதுக்கு இன்னும் இத்தனை ஆண்டு. சிலர் வியக்கின்றனர், சிலர் கலங்குகின்றனர். ஓரம்மையார், "இதை முன்னமே யாரும் சொல்லவில்லையே, தம்பி" என்றார். சொல்லவேண்டியவர் நாமே, பதினோர் ஆண்டாக அதே மேசையில்தான் அமர்ந்திருக்கிறோம்.

தோட்டத்தில் பிறந்து, படித்து, பட்டணத்திலும் ஆப்பீசிலும் அமர்ந்திருக்கும் அன்பர்களே! நாம் கூடிப் பேசும்போது பயணச் செய்தி பேசுவோம், பிள்ளைச் செய்தி பேசுவோம், தவறில்லை. அதற்கிடையே ஒருவரையொருவர் இவ்வொரு கேள்வியும் கேட்போம்: உம்மைப் படிக்க வைத்தவர் இன்று எங்கே உறங்குகிறார்? அந்த வீடு அவருடையதா? தாதியாருக்கும் ஆசிரியருக்கும் தொழிலாளிக்கும் ஓய்வு என்பது ஒரே சொல்தான். மூவருக்கும் அதற்கு ஒரே பொருள் உண்டாகும்படி செய்வது, அவர்கள் பொருளால் எழுத்தறிந்த நம் கடமையாகும்.