இறக்கம்

பனிமலையைப் பற்றி எழுத உனக்கு என்ன யோக்கியதை என்று நீங்கள் கேட்கலாம். ஒன்றுமில்லை. கருவடிக்குப்பத்துக்காரனுக்குக் குளிர் என்றால் மார்கழி விடியலில் தலையில் சுற்றிக்கொள்ளும் துண்டு. பனிக்கட்டி என்றால் மீன் கூடையில் கிடப்பது. ஆனாலும் 2023-ஆம் வருஷம் பிப்ரவரி 11-ந் தேதி, சனிக்கிழமை பிற்பகல், நான் ஒரு பனிமலையின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். எதிர்வீட்டுப் பெரியவரின் தொலைக்காட்சிப் பெட்டிக்குள் அது இருந்தது.

அவர் ஒரு 'சொல்தா'. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களுக்குப் புதுச்சேரி கொடுத்திருக்கும் பெயர் அது. மீசை வெளுத்துவிட்டது; நிமிர்ந்து உட்காரும் பழக்கம் மட்டும் போகவில்லை.

"வாங்க சார், பொண்ணுங்க மலையிலேர்ந்து விழப் போறாங்க, வந்து பாருங்க" என்று கூப்பிட்டார்.

விழவில்லை, இறங்கினார்கள். பிரான்சில் மெரிபெல் என்ற ஊரில் உலகச் சாம்பியன் போட்டி, பெண்களுக்கான இறக்கப் பந்தயம். காலில் ஆள் உயரத்தைவிட நீளமான இரண்டு சறுக்குப் பலகைகள். தலையில் கவசம். ஒருத்தி இறங்கிய பிறகே அடுத்தவள். எதிரே போட்டியாளரே இல்லை, கடிகாரம்தான் எதிரி. கொடிகளுக்கு இடையே நுழைந்து போக வேண்டும். ஒன்றைத் தவறவிட்டால் அத்தனையும் வீண். மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வேகம். முழங்காலை மடித்து, முதுகை வளைத்து, கையை முகத்துக்கு முன்னால் நீட்டிக்கொண்டு, காற்றுக்கு இடம் கொடுக்காமல் ஒரு முட்டையைப் போலச் சுருண்டு வருகிறார்கள்.

வெல்வாள் என்று எல்லோரும் எதிர்பார்த்த இத்தாலியப் பெண் சோஃபியா கோஜா ஒரு கொடியைத் தவறவிட்டுப் போட்டியை இழந்தாள். சுவிட்சர்லாந்தின் ஜாஸ்மின் ஃப்ளூரி முதலில் வந்தாள். ஆஸ்திரியாவின் நினா ஓர்ட்லீப் இரண்டாவது. இருவருக்கும் இடையே இருந்தது 0.04 வினாடி. அந்த வேகத்தில் அது ஒரு கஜத்துக்குச் சற்று அதிகமான தூரம். நம் வீட்டுத் திண்ணை அகலம்.

இந்த நினாவின் தகப்பன் பாட்ரிக் ஓர்ட்லீப், 1992-இல் இதே ஆல்ப்ஸ் பிரதேசத்தில் நடந்த ஆல்பர்வில் ஒலிம்பிக்கில் ஆண்களின் இறக்கப் பந்தயத்தில் தங்கம் வென்றவர். அவர் ஜெயித்தது 0.05 வினாடியில். தகப்பனுக்குக் கொடுத்ததை மலை மகளிடம் கிட்டத்தட்ட வட்டியில்லாமல் வாங்கிக்கொண்டது!

சொல்தா பெருமூச்சு விட்டார். பிறகு தன் கதையைச் சொன்னார்.

"1968-ல கிரனோபிள் ஒலிம்பிக் நடந்திச்சி சார். எங்களையெல்லாம் ஷாம்ரூஸ் மலைக்கு அனுப்பிட்டாங்க. வரிசையா நின்னு காலால பனிய மிதிச்சிக் கெட்டி பண்ணணும். விரல் இருக்கா இல்லையான்னே தெரியாது. அதுமேலதான் பொம்பளைங்க பந்தயம் ஓடிச்சி. நம்ம இசபெல் மிர்தான் ரெண்டாவது. ஆஸ்திரியாக்காரி ஓல்கா பால் தட்டிக்கிட்டுப் போயிட்டா."

'நம்ம' என்றார் பாருங்கள்! பிரான்சும் அவருக்கு நம்ம ஊர்தான்.

கொஞ்ச நேரம் பேசாமலிருந்தார். "அந்த வருஷமே லீவுல வந்தேன். என் தங்கச்சி சைக்கிள் கேட்டா. பொட்டப்புள்ளைக்கு சைக்கிளா, காலை ஒடிச்சிடுவேன்னேன். நான்தான் சார் சொன்னேன். அந்த மலையில நின்னு பார்த்துட்டு வந்தவன்!"

நான் சிரித்தேன். அப்போது சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வந்தபின் வரவில்லை.

லாஸ்பேட்டை மேட்டிலிருந்து எங்கள் பக்கம் சாலை இறங்கி வரும். என் மகள் பன்னிரண்டு வயதில் அந்த இறக்கத்தில் பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டுச் சைக்கிளில் பறந்து வந்தாள். எதேச்சையாக நான் கீழே நின்றிருந்தேன். என் கண்ணெதிரே சறுக்கி விழுந்தாள். முழங்கையில் ஐந்து தையல். அன்று சாயங்காலமே சைக்கிளை விற்றுவிட்டேன். என் கதாநாயகிகள் அத்தனை பேரும் வீட்டை விட்டு வெளியேறித் தலை நிமிர்ந்து நடப்பவர்கள். என் மகள் அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்துக்கு ஆட்டோவில் போனாள். இந்தப் பக்கத்து மாந்தோப்பில்தான் பாரதியார் வந்து உட்கார்ந்திருப்பார் என்று வெளியூர் நண்பர்களுக்கு நான் காட்டுவது வழக்கம். காட்டும்போது கூச்சம் ஏற்பட்டதே இல்லை.

உலகச் சாம்பியன் போட்டி முதன்முதலாக 1931-இல் சுவிட்சர்லாந்தின் மூரன் என்ற ஊரில் நடந்தபோதே பெண்கள் இறங்கினார்கள். பதினேழு வயது பிரிட்டிஷ் பெண் எஸ்மே மெக்கின்னன் ஜெயித்தாள். நம் நாட்டிலும் பெண்கள் இந்த வழியில் போகாமலில்லை. 1988-இல் ஷைலஜா குமார் கால்கரி குளிர்கால ஒலிம்பிக்கில் சறுக்கினார். மணாலிப் பக்கத்து ஆஞ்சல் தாக்கூர் 2018-இல் துருக்கியில் வெண்கலம் பெற்றார். பலகையைக் காலில் கட்டிவிட்டு மலையைக் காட்டியது அவருடைய தகப்பனார்தான். அவரும் மகள் விழுவதைப் பார்த்திருப்பார். எத்தனை தடவையோ! பலகையை விற்கவில்லை.

இரவு சென்னைக்குத் தொலைபேசியில் கூப்பிட்டேன். மகளுக்கு இப்போது முப்பத்தைந்து வயது. ஏதோ உடம்புக்கு என்று பயந்துவிட்டாள். சுற்றி வளைக்காமல் கேட்டேன்: "அன்னிக்கு மேட்டுலேர்ந்து சைக்கிள்ல வந்தியேம்மா, பயமா இருந்ததா?"

"எதுக்குப்பா இப்ப அது?"

"சும்மா சொல்லேன்."

அவள் யோசிக்கவே இல்லை. அந்தப் பதிலை இருபத்துமூன்று வருஷமாகக் கையிலேயே வைத்திருந்தாள் போலிருக்கிறது.

"வரும்போது பயமே இல்லப்பா. நல்லா இருந்தது. கீழே நீங்க நின்னுக்கிட்டு இருந்ததைப் பார்த்தேன். உடனே பிரேக்கைப் பிடிச்சேன். அதனாலதான் விழுந்தேன்."

பிறகு, சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டுக்கொண்டீர்களா என்று விசாரித்தாள். போட்டுக்கொண்டேன் என்று சொன்னேன்.