தாராவியில் தில்லை

சிதம்பரத்துக்குத் தில்லை என்னும் பெயரைத் தந்த மரம் தாராவியிலும் நிற்கிறது என்று, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓர் இலக்கியக் கூட்டத்தில் நான் முழங்கினேன். அவையோர் கைதட்டினர். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிச் சொன்ன 99 மலர்களுள் ஒன்று நம் குடியிருப்பின் பின்புறச் சேற்றில் பூக்கிறது என்றால் மகிழாத தமிழர் யார்? நான் சொன்னது பிழை. அதனை இம்மலரின் வாயிலாக ஒப்புக்கொள்வது என் கடன்.

பிழைக்கு மூலம் என் தந்தையார். தாராவியில் எங்களைச் சுற்றி வாழ்ந்தோர் பெரும்பாலும் திருநெல்வேலிச் சீமையினர். நாங்கள் மட்டும் பிச்சாவரத்தை அடுத்த கிள்ளைக்காரர்கள். தோல் பதனிடும் கூடம் ஒன்றில் வேலை பார்த்த அவர், மாலையில் வாசலில் அமர்ந்து, மாகிம் கழியோரம் அடர்ந்திருந்த மரங்களைக் காட்டிச் சொல்வார்: “அது தில்லை. கிளையை ஒடிச்சா பால் வரும். பால் கண்ணுல பட்டா பார்வை போயிடும். அந்தப் பக்கம் காலே வைக்கக் கூடாது.” நாங்கள் வைத்ததில்லை. பந்து அப்பக்கம் உருண்டால் பந்தைத்தான் இழந்தோம்.

கூட்டம் முடிந்ததும் மாட்டுங்காவிலிருந்து வந்திருந்த முதியவர் ஒருவர் என்னை அணுகினார். கல்லூரியில் தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவர். “பேச்சு நன்றாக இருந்தது. இலையைக் கிள்ளிப் பார்த்தீர்களா? பால் வந்ததா?” என்று மட்டும் கேட்டார். பி.ஏ. படித்து, நடுவண் அரசின் கோப்புகளில் பிறர் குறிப்புகளைச் சரிபார்த்துப் பிழைக்கும் நான், இந்த ஒரு குறிப்பை மட்டும் சரிபார்க்காமல் விட்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறன்று சென்றேன். குப்பை மேடாகக் கிடந்து, மரம் வளர்க்கப்பெற்று, 1994இல் மக்களுக்குத் திறக்கப்பட்ட இயற்கைப் பூங்காவை அடுத்து, மித்தி ஆறு கழியாக விரியும் கரை அது. அலையாத்தி மரங்களை அழிப்பதற்கு 2005 முதல் உயர்நீதிமன்றத் தடை உண்டு என்பதை அறிவேன்; ஓர் இலைதானே என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு கிள்ளினேன். பால் வரவில்லை. இன்னொன்றைக் கிள்ளினேன். அதிலும் இல்லை.

அதன் பிறகுதான் மரத்தைப் பார்த்தேன். அதுவரை பெயரை மட்டுமே பார்த்திருந்தேன் போலும். இலையின் மேற்புறம் பளபளத்த பச்சை. அடிப்புறம் சாம்பல் பூசியதுபோல் வெளுப்பு. சேற்றிலிருந்து எழுதுகோல்களை நட்டுவைத்ததுபோல் நூற்றுக்கணக்கான வேர்கள் வானோக்கி நின்றன. சதுப்பு மண்ணில் காற்று புகாது. ஆகவே வேரின் ஒரு பகுதியை வெளியே நீட்டி மரம் மூச்சு வாங்குகிறது. உறிஞ்சிய உப்பை இலையின் வழியே வெளியேற்றுவதும் அதன் இயல்பு. நாவில் வைத்தால் கரிக்குமாம். மித்தி ஆற்றங்கரையில் அச்சோதனைக்கு எனக்குத் துணிவில்லை. விரலால் தடவினேன், நறநறத்தது. அது வெண்கண்டல். அவ்வழியே வந்த கோளி மீனவப் பெண்மணி ஒருவரிடம் கேட்டேன். தாராவி முதலில் அவர்களுடைய ஊர்தானே? நான் கையிலேயே விடையை வைத்துக்கொண்டு கேட்கிறேன் என்று எண்ணியவராய், “திவர்” என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டுச் சென்றார்.

தில்லையின் அடையாளங்கள் வேறு. அதற்கு எழுதுகோல் வேர்கள் இல்லை; வேர்கள் தரையோடு பாம்புபோல் நெளிந்து ஓடும். உதிருமுன் இலைகள் சிவக்கும். கிள்ளினால் வெண்பால் கசியும். மும்பையின் கழிகளில் அது அறவே இல்லை என்பதன்று. எங்கள் வாசலில் நின்றது அதுவன்று என்பதே செய்தி. நூலறிவு இங்கே பெரிதும் கைகொடுக்கவில்லை. கண்டலையே வேலியாகக் கொண்ட நெய்தல் ஊர்களை நற்றிணை பாடுகிறது. அகராதியைப் புரட்டினாலோ, கண்டல் என்பதற்குத் தாழை என்றும் பொருள் இருக்கிறது. சொல்லை வைத்து மரத்தைத் தேடினால் நான் பட்ட பாடுதான் படவேண்டும்.

இப்போது செம்பூரிலிருந்து நாள்தோறும் பேலாப்பூருக்கு ரயிலேறுகிறேன். மான்குர்டு கடந்து தானே கழியின் பாலத்தில் வண்டி ஏறியதும் இருபுறமும் பசுமை. ஓடும் வண்டியிலிருந்து பெயர் சொல்லும் துணிவு எனக்கு இனி வராது. ஐரோலியில் வனத்துறை அமைத்துள்ள கடல்சார் மையத்துக்குச் சென்று, மரப்பாலத்தில் நடந்து, அருகே நின்று பார்ப்பேன். நட்சத்திரத் தட்டின்மேல் பச்சைக்காய் அமர்ந்திருந்தால் சிப்பி. அதன் பூக்கள் இரவில் விரிந்து காலையில் உதிர்ந்துவிடும். அவ்வினத்துள் வெண்சிப்பியை 2020இல் மகாராஷ்டிர அரசு மாநில அலையாத்தி மரமாக அறிவித்தது. தண்டிலிருந்து ஊன்றுகால்கள்போல் வேர் வளைந்து இறங்கினால் சுரபுன்னை. முள்விளிம்பு இலையும் நீலப்பூவும் கொண்ட புதர் கழுதைமுள்ளி. அதனை அறிய யாருக்கும் ஆசிரியர் தேவையில்லை, கால்சட்டையே சொல்லிவிடும்.

கிள்ளிய இலையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அன்று வீடு திரும்பினேன். தந்தையார் கட்டிலில் சாய்ந்திருந்தார். கண் மங்கிய காலம். இலையை அவர் கையில் வைத்து, “பால் வரலியேப்பா” என்றேன். இலையின் அடிப்புறத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார்.

“வெங்கண்டல்ல ஏதுடா பாலு?” என்றார்.

கிள்ளையில் பிறந்து, பிச்சாவரத்து வாய்க்கால்களில் ஓடம் தள்ளி வளர்ந்தவருக்கு இரண்டுக்கும் வேறுபாடு தெரியாதிருக்குமா என்று எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. நான் பேசாதிருந்தேன். சற்றுக் கழித்து அவரே சொன்னார். நான் பிறப்பதற்கு முந்திய மழைக்காலத்தில், எதிர்வீட்டுச் சிறுவன் ஒருவன் நண்டு பிடிக்க அந்தக் கழியில் இறங்கியிருக்கிறான். நீர் ஏறும் நேரம். இடுப்பளவு சேற்றில் கால் சிக்கிக்கொண்டது. அவனை வெளியே எடுத்தவர்களுள் தந்தையாரும் ஒருவர். “சேறு இழுக்கும்னா பசங்க கேப்பீங்களா? கண்ணு போயிடும்னாதான் பயப்படுவீங்க” என்றார். பிறகு, “கூட்டத்துலயா போய்ச் சொன்னே?” என்று கேட்டு நெடுநேரம் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, என் மனைவி தண்ணீர் கொண்டுவரும்படி ஆயிற்று.

ஈராண்டு கழித்து அவருடைய அஸ்தியைக் கரைக்கக் கிள்ளைக்குச் சென்றோம். சடங்கு முடிந்த மறுநாள் என் மகள் கேட்டாள் என்று பிச்சாவரத்தில் படகேறினோம். சுரபுன்னைகளின் வேர்வளைவுகளுக்கிடையே குறுகிய வாய்க்காலில் படகு நுழைந்தது. ஒரு திருப்பத்தில் பச்சைக்கு நடுவே சிவந்த இலைகள் தெரிந்தன. கிளையொன்று நீரின்மேல் தாழ்ந்து படகை நோக்கி வந்தது. படகோட்டி துடுப்பால் அதனை மெல்ல ஒதுக்கியபடி, “பாப்பா, கையை உள்ள வச்சுக்கம்மா. தில்லை” என்றார்.

மகள் சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். பால் வருகிறதா என்று நான் கிள்ளிப் பார்க்கவில்லை.