குற்றம் எங்கே இருந்தது?

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இப்பழமொழியைச் சொல்லி எத்தனையோ பேரை நான் நகைத்திருக்கிறேன். அது ஒருநாள் என்னை நோக்கியே திரும்பும் என்று அப்போது எண்ணியதில்லை.

கொரோனாத் தொற்றின் காரணமாக 2020 மார்ச்சில் நம் நாட்டுப் பாடசாலைகள் மூடப்பட்டன. திறப்பதும் மூடுவதுமாக 2021ஆம் ஆண்டும் பெரும்பாலும் கழிந்தது. ஹற்றனிலே உயர்தர வகுப்பினருக்குப் பௌதிகவியல் கற்பிக்கும் நானும் கரும்பலகையை விட்டு மடிக்கணினியின் முன் அமரலானேன்.

பாடம் தொடங்கிப் பத்து நிமிடமாகாது, இணைப்பு அறுந்துவிடும். மீண்டும் வரும், மீண்டும் போகும். இணைய நிறுவனத்தாரைத் தொலைபேசியில் அழைத்துக் கோபித்துக்கொண்டேன். எங்கள் மலையின் மூடுபனியையும் பழித்தேன். அந்நாட்களில் தோட்டத்து மாணவன் ஒருவன் வாரத்தில் இரண்டு நாள் வகுப்பில் தோன்றுவான். மூன்று நாள் காணாமற் போவான். என் குறிப்பேட்டிலே அவன் பெயருக்கெதிரே ‘அக்கறையில்லாதவன்’ என்று எழுதிவைத்தேன்.

2021இன் இறுதியில், விடுபட்ட பாடக் குறிப்புகளைக் கேட்டு அவனே என் வீட்டுக்கு வந்தான். அப்போதும் நான் கணினியோடு மல்லாடிக்கொண்டிருந்தேன்.

“சேர், எந்த இடத்தில் அறுகிறதென்று பார்த்தீர்களா?” என்று பணிவோடு கேட்டான். கொழும்பிலே கணினிக் கடையில் வேலை செய்யும் அவன் அண்ணன் இவற்றைச் சொல்லிக்கொடுத்திருந்தாராம்.

இணைப்பு என்பது ஒரே கயிறன்று. மூன்று கண்ணிகள் கோத்த சங்கிலி. கணினியிலிருந்து ரவுட்டர் வரை முதற் கண்ணி. ரவுட்டரிலிருந்து தொலைபேசிக் கோபுரம் வரை இரண்டாவது. அங்கிருந்து வெளியுலகம் வரை மூன்றாவது. அவன் கறுப்புத் திரையிலே ‘பிங்’ என்ற கட்டளையைத் தட்டி, ரவுட்டரின் இலக்கமாகிய 192.168.1.1ஐ அழைத்தான். இக்கரையிலிருந்து கூவினால் அக்கரையிலிருந்து பதிற்குரல் வருவது போன்ற ஏற்பாடு அது. பத்து அழைப்புகளில் நான்குக்குப் பதிலே இல்லை.

பின்பு கணினியை முன்னறைக்கு எடுத்துச் சென்று, கம்பியால் ரவுட்டரோடு தொடுத்து, மறுபடியும் அழைத்தான். பத்துக்குப் பத்தும் பதில் வந்தது. கூகிள் நிறுவனத்தின் 8.8.8.8 என்ற இலக்கத்தை அழைத்தபோதும் தவறாமல் பதில் கிடைத்தது.

ஆகவே நிறுவனத்தின் மேலும் குற்றமில்லை. மூடுபனியின் மேலும் குற்றமில்லை. குற்றம் என் வீட்டுக்குள்ளேயே இருந்தது! ரவுட்டரை இரும்பு அலுமாரிக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருந்தவன் நான். நான் பாடம் நடத்தியதோ கருங்கற் சுவருக்கு அப்பாலுள்ள பின்னறையில். உலோகம் மின்காந்த அலைகளைத் தெறிக்கச் செய்யும், தடித்த சுவர் அவற்றை உறிஞ்சும் என்று ஆண்டுதோறும் வகுப்பில் விளக்குபவனும் நானே! போதாக்குறைக்குக் கணினி 5 கிகாஹேட்ஸ் அலையிலே இணைந்திருந்தது. சுவர்களைக் கடப்பதற்கு அதனிலும் 2.4 கிகாஹேட்ஸ் அலையே ஏற்றது. அலையை மாற்றி, ரவுட்டரை இரண்டு அறைகளுக்கும் இடையிலுள்ள வாசலருகே வைத்தோம். தொல்லை அன்றோடு தீர்ந்தது.

“தம்பி, உன் வீட்டிலும் இவ்வாறே செய்திருக்கலாமே?” என்றேன்.

“எங்களுக்கு இரண்டாவது கண்ணியே இல்லை, சேர்.”

அவனுடைய லயம் பள்ளத்தில் இருக்கிறது. கோபுரமோ மலைக்கு அப்பால். அந்த அலைகள் பெரும்பாலும் நேராகவே செல்பவை. பனியும் மழையும் அவற்றை அதிகம் தடுப்பதில்லை. குறுக்கே நிற்கும் மலைதான் தடுக்கிறது. எனவே அவன் தேயிலைச் செடிகளினூடே ஏறி, மலை முகட்டில் நின்று பாடங் கேட்டிருக்கிறான். வீட்டிலிருந்த ஒரே கைத்தொலைபேசியைத் தங்கையோடு பங்கிட்டுக்கொள்ள வேண்டும். மழை நாளில் நனையாமல் வைத்துக்கொள்ளவும் இடமில்லை. அவன் வராத நாட்களெல்லாம் இத்தகைய நாட்களே.

“இதை ஏன் என்னிடம் முன்பே சொல்லவில்லை?”

“நீங்கள் கேட்கவில்லையே, சேர்.”

அவ்வார்த்தையிலே கோபமில்லை. அதனாலேயே அது என்னை அதிகமாகச் சுட்டது. அவனுக்குத் தேநீர் கொடுத்து, குறிப்புகளையும் கொடுத்து அனுப்பியபின், என் குறிப்பேட்டை எடுத்து அந்த ஒரு சொல்லை அடித்துவிட்டேன்.

மாணவச் செல்வங்களே, உங்கள் இணைப்பு அறுந்தால் சங்கிலியின் முதற் கண்ணியிலிருந்து ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். ரவுட்டரை இடம் மாற்றி வைத்தால் தீரக்கூடிய குறைகள் பல. மலைக்கு அப்பாலுள்ள கோபுரத்தை ஒரு மாணவனால் இடம் மாற்றி வைக்க முடியாது. அது பெரியவர்கள் செய்து கொடுக்க வேண்டிய காரியம். ஆசிரியர்களாகிய நமக்கோ அதனிலும் எளிய காரியம் ஒன்று உண்டு. பிள்ளை வகுப்புக்கு வராதபோது, எழுதுவதற்கு முன் கேட்பது.