அப்பாவுக்கு ஒரு நாற்காலி

நாற்காலி வாங்குவதைப் பற்றியும் ஒரு கட்டுரையா என்று அன்பர்கள் கேட்கக்கூடும். சென்ற ஆண்டு வரை நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன். ஈஜிபுராவில் நாங்கள் குடியிருக்கும் இரண்டாம் மாடி வீட்டில் நாற்காலி என்று சொல்லத்தக்கவை இரண்டே இருந்தன. இரண்டும் பிளாஸ்டிக். விருந்தினர் வந்தால் நாற்காலி அவர்களுக்கு, பாய் எங்களுக்கு. இந்த ஏற்பாட்டில் எங்களுக்கு ஒரு குறையும் தோன்றியதில்லை.

அம்மா காலமான பின் அப்பாவைத் திருப்பத்தூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து அழைத்து வந்தேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருப்புப் பாதையில் கேங்மேனாக உழைத்தவர். வெயிலிலும் மழையிலும் ஜல்லிக் கற்களின்மேல் நடந்த அந்தக் கால்களில், இப்போது முழங்கால் இரண்டும் ஒத்துழைக்க மறுத்துவிட்டன. தரையில் அமர்ந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழ வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்தாலோ, கைகளை ஊன்றி எழும்போது அதன் கால்கள் விரிந்து வழுக்கின. ஒருநாள் நாற்காலி ஒரு பக்கமும் அப்பா ஒரு பக்கமுமாகச் சாய்ந்தார்கள். நல்லவேளையாக என் மனைவி அருகில் இருந்தாள். மறுநாளே மர நாற்காலி ஒன்று வாங்குவதென்று முடிவு செய்தோம்.

புதிய மர நாற்காலி வாங்கியிருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும். எனக்கோ நெடுநாளாக ஓர் ஆசை. சிவாஜிநகர்ப் பக்கம் போகும்போதெல்லாம் பழைய சாமான் கடைகளின் வாயிலில் நின்று பார்ப்பவன் நான். அங்கே குவிந்து கிடக்கும் நாற்காலிகளுக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1809ஆம் ஆண்டில் வெள்ளையர் சேனை ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து இங்கு வந்து தங்கியபோது தண்டு எனப்படும் கன்டோன்மென்ட் பகுதி உருவாயிற்று. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் நம்மவர் கூட்டங்கூட்டமாக அங்கே பிழைக்க வந்தனர். 1864இல் சோலையார்பேட்டையிலிருந்து இரயில் பாதை வந்து சேர்ந்ததும் அந்த வரவு பெருகியது. துரைமார் பங்களாக்களில் நாற்காலி போட்டவர்களும் துடைத்தவர்களும் பெரும்பாலும் நம்முடைய முன்னோர். அமர்ந்தவர்கள் வேறு. பங்களாக்கள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டு அடுக்கு வீடுகளாக மாற, உள்ளேயிருந்த நாற்காலிகள் கடைவீதிக்கு வந்தன. காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவிலும் இப்படித்தான். செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் பங்கு பிரிக்கப்படும்போது பர்மா தேக்குச் சாமான்கள் அந்தத் தெருவுக்கு வந்து சேருகின்றன.

நான் மயங்கியது ஒரு சாய்வு நாற்காலியில். தோதகத்தி மரம், கன்னடத்தில் பீட்டெ என்பார்களே, அது. பிரம்புப் பின்னல் படுக்கை போல் சரிந்திருக்கும். இரு கைகளுக்கும் அடியிலிருந்து நீண்ட பலகைகள் வெளியே திரும்பி வரும். அவற்றின்மேல் காலை நீட்டிக்கொள்ளலாம். இலங்கைத் தமிழர் இவ்வகையைச் சாய்மனைக் கதிரை என்று அழகாகச் சொல்வர். கதிரை என்பது போர்த்துகீசியர் விட்டுச் சென்ற சொல். பக்கத்து வீட்டுக் கன்னடத்து அம்மாள் சொல்லும் குர்ச்சியோ அரபு நாட்டிலிருந்து வந்தது. நம்முடைய நாற்காலிக்கு நான்கு கால் என்பதைத் தவிர வேறு பொருளில்லை. மணையும் பாயும் திண்ணையும் கொண்டு நிறைவாக வாழ்ந்த நாம், நாற்காலியைப் பிறரிடமிருந்துதான் பெற்றோம் போலும்.

பேரம் பேசி ஒன்பதாயிரம் ரூபாய்க்கு வாங்கி, சரக்கு ஆட்டோவில் ஏற்றினேன். 2017இல் தொடங்கி ஆண்டுக்கணக்கில் இழுத்த மேம்பால வேலையின் புழுதியைப் பற்றி ஈஜிபுராவாசிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. புழுதி குளித்து வீடு வந்து சேர்ந்தால், நாற்காலி மாடிப்படியின் முதல் திருப்பத்திலேயே சிக்கிக்கொண்டது. கால்தாங்கிப் பலகைகளைக் கழற்றி, தலைகீழாகத் தூக்கி, சுவரில் சுண்ணாம்பைப் பெயர்த்து, வீட்டுக்காரரின் கண்டனத்தையும் பெற்று, ஒருவாறு மேலே கொண்டு சேர்த்தோம். கடைக்குப் போகுமுன் படிக்கட்டை அளந்திருக்க வேண்டும். அந்த அறிவு அன்று எனக்கு இல்லை.

அப்பா நாற்காலியைச் சுற்றிவந்து பார்த்தார், அமரவில்லை. "உட்காருங்கள் அப்பா" என்றேன்.

"இதில் எப்படி உட்காருவது? இது அதிகாரி நாற்காலி" என்றார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அன்றிரவு சாப்பிட்ட பிறகு தாமாகவே சொன்னார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஏதோ ஒரு சிறிய நிலையத்தில், மேலதிகாரியின் வீட்டுத் தாழ்வாரத்தில் இதே மாதிரி நாற்காலி ஒன்று கிடந்ததாம். விடுப்புக் கேட்கவோ குறை சொல்லவோ போனால் அதிகாரி காலை நீட்டியபடி கேட்பாராம். "நாங்கள் படிக்குக் கீழே நிற்போம். அவருடைய முகம் தெரியாது. உள்ளங்கால்தான் தெரியும். உன் அக்காள் பிறந்த செய்தி வந்த அன்று விடுப்புக் கேட்டதும் அந்த உள்ளங்காலிடந்தான்." இவ்வளவுதான் சொன்னார். கோபம் எதுவும் இல்லை. தண்ணீர் குடித்துவிட்டுப் படுக்கப் போனார்.

எனக்கு உறக்கம் வரவில்லை. தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையின் முரசு கட்டிலில், அது இன்னதென்று அறியாமல் மோசிகீரனார் படுத்து உறங்கிவிட்டார் என்பது புறநானூற்றுச் செய்தி. அந்தக் கட்டிலில் ஏறியவரை வெட்டுவதே முறை. மன்னனோ வெட்டாமல் விசிறி எடுத்து வீசினான். தகடூர் என்பது இன்றைய தருமபுரி. எங்கள் ஊருக்கு அதிகத் தொலைவில்லை. ஆனால் விசிறி வீசிய அரசனைப் பாடப் புலவர் இருந்தார். படிக்குக் கீழே நின்றவர்களைப் பற்றி எழுதி வைத்தவர் யார்?

அப்பா சொன்னதில் இன்னொரு நியாயமும் இருந்தது. அந்த நாற்காலியில் படுக்கலாம், எழ முடியாது. இருக்கை தாழ்வாகவும் பின்புறம் சரிந்தும் இருப்பதால் முழங்கால் நோவுள்ளவர் அதிலிருந்து எழுவது மலையேற்றம். மறுவாரம் கடைக்காரர் இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் கழித்துக்கொண்டு அதைத் திரும்ப எடுத்துக்கொண்டார். இம்முறை அப்பாவையும் உடன் அழைத்துப் போனேன்.

அங்கேதான் எனக்கு ஆச்சரியம். இரயில்வேத் தச்சர்களோடு பழகிய மனிதர் என்பதை நான் மறந்திருந்தேன். நாற்காலியைப் பார்த்ததும் முதலில் அதைக் கவிழ்த்தார். மேற்புறம் மெருகு பேசும், அடிப்புறந்தான் உண்மை பேசும் என்றார். சாயம் பூசிய மட்ட மரமானால், கண்ணில் படாத இடத்தில் நகத்தால் கீறினால் வெளிறிய நிறம் தெரிந்துவிடும். ஒரு மரத்தின் நாக்கை மற்றொன்றின் துளைக்குள் செலுத்தி மூங்கில் ஆணி அடித்து இறுக்கியிருக்கிறதா, அல்லது இரும்பு ஆணியால் ஒப்பேற்றியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். நூற்றைம்பது வயது என்று கடைக்காரர் புகழ்ந்த நாற்காலி ஒன்றில் சிலுவைக் குறி போட்ட திருகாணி இருந்தது. அவ்வகைத் திருகாணி 1930களில்தான் வழக்கத்துக்கு வந்தது. பிற்காலத்தில் பழுது பார்த்திருக்கலாம், அல்லது வயதே பொய்யாயிருக்கலாம். நூறாண்டு கடந்தது மெய்யானாலோ வேறொரு சங்கதி உண்டு: 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்படி அத்தகைய கைவினைப் பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப இயலாது. அயல்நாட்டு மைத்துனருக்குச் சீர் அனுப்ப எண்ணுவோர் கவனிக்க.

தேய்மானத்தையும் பார்க்க வேண்டும். உள்ளங்கை படும் கை நுனியும், பாதம் படும் முன் குறுக்குச் சட்டமும் தேய்ந்திருக்க வேண்டும். எல்லா இடமும் ஒன்றுபோல் தேய்ந்திருந்தால் உப்புத்தாள் செய்த வேலை. சட்டத்தைத் தட்டி, கீழே விரித்த வெள்ளைத் தாளில் மாவு உதிர்கிறதா என்று பார்த்தார் அப்பா. உதிர்ந்தால் உள்ளே உளு இருக்கிறது. இலவசமாகக் கொடுத்தாலும் வீட்டுக்குள் விடக்கூடாது.

மெல்லிய, வளைத்த மர நாற்காலி ஒன்றும் அங்கே இருந்தது. பம்பாய் இரானிய விடுதிகளில் காணப்படும் வகை. தோனெட் என்ற ஜெர்மானியர் 1859இல் இதை வடிவமைத்தார். ஆறே மரத்துண்டுகள், பத்துத் திருகாணிகள். பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர்ப் பெட்டியில் 36 நாற்காலிகள் அடங்குமாம். சரக்குக் கணக்கு எழுதும் எனக்கு அந்தக் கணக்கு மிகவும் பிடித்தது. ஆனால் அதற்குக் கைகள் இல்லை. அப்பா ஊன்றி எழ முடியாது.

பிறகு ஒரு நல்ல தேக்கு நாற்காலி. அடியில் எழுத்துக்கள் குத்தியிருந்தன. அப்பா விரலால் தடவி, "எம். எஸ். எம்." என்றார். மதராஸ் அண்டு சதர்ன் மராட்டா இரயில்வே! 1951 ஏப்ரல் 14இல் தென்னக இரயில்வேயோடு இணைந்து மறைந்த பெயர். வாங்கிவிடலாமென்று எனக்குக் கை துறுதுறுத்தது. ஆனால் ஏலத்தில் எடுத்ததற்கான சீட்டு கடைக்காரரிடம் இல்லை. இரயில்வே உடைமையை உரிய ஆதாரமின்றி வைத்திருப்போரைத் தண்டிக்க 1966இல் இயற்றிய சட்டம் ஒன்று இருக்கிறது. இரயில்வே குமாஸ்தா வீட்டிலேயே அப்படியொரு நாற்காலி கிடந்தால் என் நிலை என்னாவது? மனமின்றித் திருப்பி வைத்தேன். அப்பா மட்டும் அந்த எழுத்துக்களை இன்னொரு முறை தடவிவிட்டு வந்தார்.

கடைசியில் எடுத்தது எவ்விதச் சிறப்புமற்ற ஒரு மேசை நாற்காலி. மூடப்பட்ட அச்சகம் ஒன்றிலிருந்து வந்ததாம். தேக்கு, நேரான கைகள், பிரம்பு இருக்கை. குதிகாலிலிருந்து முழங்கால் மடிப்பு வரையுள்ள உயரமே இருக்கையின் உயரமாக இருக்க வேண்டும். முதியவர்க்கு ஓரிரு அங்குலம் கூடினாலும் நல்லது. அப்பா அதில் அமர்ந்தார், எழுந்தார், மீண்டும் அமர்ந்தார். மூன்றாம் முறை என்னைப் பார்க்காமலே தலையசைத்தார். விலை மூவாயிரத்து இருநூறு. படிக்கட்டில் எங்கும் இடிக்கவில்லை.

பிரம்புப் பின்னல் மட்டும் தொய்ந்திருந்தது. சட்டத்தைச் சுற்றிச் சிறு துளைகள் இருந்தால் அது கைப்பின்னல் என்று அறியலாம். நெடுக்கில் இரண்டு, குறுக்கில் இரண்டு, மூலைவாட்டில் இரண்டு என்று நார் ஓட, எண்கோணக் கண்கள் விழும். தொய்வு கொஞ்சமானால் அடிப்புறத்தை வெந்நீரில் நனைத்த துணியால் ஈரமாக்கி ஒரு நாள் உலரவிட்டால் இறுகிவிடும். எங்களுக்கும் இறுகியது. ஆனால் இரண்டு மூலைகளில் நார் அறுந்திருக்கிறது. அதைப் பின்ன ஆள் வேண்டும். முன்பெல்லாம் அரசு அலுவலகங்களில் இவ்வேலையைப் பார்வையற்றவர்கள் செய்வதுண்டு. விரல் நுனியாலேயே கண்களை எண்ணிப் பின்னிவிடுவார்கள். எங்கள் அலுவலகத்தில் இப்போது எல்லாம் மெத்தை வைத்த சுழல் நாற்காலிகள்.

மெருகைப் பற்றி ஒரு சொல். பழைய மெருகு அரக்கைச் சாராயத்தில் கரைத்துப் பூசியது. அதைத் தேய்த்து எடுத்துவிட்டுப் பளபளக்கும் புதுப்பூச்சு அடிப்பதாக எவரேனும் சொன்னால் இணங்க வேண்டாம். நாங்கள் துடைத்ததோடு விட்டுவிட்டோம்.

நாற்காலி இப்போது பால்கனியில் இருக்கிறது. அப்பா காலையில் செய்தித்தாளுடன் அமர்ந்தால் ஒன்பது மணிக்குத்தான் எழுகிறார். யாரையும் கூப்பிடாமல் எழுகிறார். சென்ற ஞாயிறன்று அவருடன் வேலை செய்த பழைய நண்பர் ஒருவர் வந்திருந்தார். அப்பா எழுந்து தம் நாற்காலியைக் கொடுக்க, அவர் மறுக்க, இருவரும் நெடுநேரம் நின்றுகொண்டே பேசினார்கள். நண்பர் சென்றபின் அப்பா என்னை அழைத்து, "இதே மாதிரி இன்னொன்று கிடைக்குமா பார்" என்றார்.

தேடிக்கொண்டிருக்கிறேன். கைப்பிரம்பு பின்னத் தெரிந்தவர் எவரையேனும் நம் சங்கத்து அன்பர்கள் அறிந்திருந்தால் தெரிவிக்க வேண்டுகிறேன்.