மிகையும் குறையும்

திருக்குறளின் மருந்து அதிகாரம் ஓர் அளவுக் கோட்பாட்டோடு தொடங்குகிறது. வாதம், பித்தம், ஐயம் ஆகிய மூன்றும் கூடினாலும் நோய், குறைந்தாலும் நோய் என்று அதன் முதற்குறளுக்கு உரை சொல்வார்கள். இருபது ஆண்டுகளாக இதை நான் உடம்பை வைத்தே வகுப்பில் விளக்கி வருகிறேன். இன்னொரு நல்ல விளக்கம் எங்கள் பழைய அம்பாசடரின் பானட்டுக்கு அடியில் கிடைத்தது.

டைனமோ வைத்த 1974ஆம் ஆண்டு வண்டி அது. உத்தர்பாராவில் அம்பாசடர் உற்பத்தி 2014இல் நின்றுவிட்டது. ஆயினும் வாரம் இருமுறை, விடியுமுன், அப்பா டயாலிசிஸுக்குப் போவது அதில்தான். தாழ்ந்த இருக்கையுள்ள கார்களில் அவரால் ஏறி இறங்க இயலவில்லை. ஒன்றரை ஆண்டில் இரண்டு பேட்டரிகள் போயின. கடைக்காரர் மூன்றாவதைப் பரிந்துரைத்தார். உறவினர்கள் வண்டியை எடைக்குப் போடச் சொன்னார்கள்.

எங்கள் தெருமுனையில் பட்டறை வைத்திருக்கும் முதிய எலெக்ட்ரீஷியன் வேறொன்று சொன்னார்: "சார், பேட்டரியத் திட்டாதீங்க. அது போட்டதத் தின்னுற புள்ள. சோறு போடுறது யாருன்னு பாப்போம்."

சோறு போடுவது டைனமோ. அளந்து போடுவது ரெகுலேட்டர். அந்தச் சிறு பெட்டிக்குள் இரண்டு கம்பிச்சுருள்கள் உண்டு. ஒன்று கட்-அவுட். எஞ்சின் நின்றிருக்கையில் பேட்டரியின் மின்சாரம் டைனமோவுக்குத் திரும்பி வழியாமல் தடுப்பது அது. மற்றது அழுத்தத்தைக் காப்பது. எஞ்சின் விரைய விரைய டைனமோவின் வோல்ட்டேஜ் ஏறும். வரம்பை எட்டியதும் சுருளின் காந்தம் இரு முனைகளைப் பிரித்து, டைனமோவின் ஃபீல்டு சுருளுக்குப் போகும் மின்னோட்டத்தைக் குறைக்கும். வோல்ட்டேஜ் தணிந்ததும் முனைகள் மீண்டும் சேரும். விநாடிக்குப் பலமுறை இது நிகழ்கிறது.

பெரியவர் முதலில் கேள்விகள்தாம் கேட்டார். முகப்பு விளக்கு மங்குகிறதா, வேகமெடுக்கையில் பளீரென்று எரிகிறதா? பல்பு அடிக்கடி போகிறதா? பேட்டரியில் தண்ணீர் குறைகிறதா? மங்கினால் குறை, பல்பு போய்த் தண்ணீரும் வற்றினால் மிகை. எங்களுடையது மிகை.

பிறகு மீட்டரை எடுத்தார். எஞ்சின் ஓடாதபோது பேட்டரி 12.5 காட்டியது. எஞ்சினை விரைவுபடுத்தியபோது 14.5 அளவில் நின்றிருக்க வேண்டிய முள் 16ஐத் தாண்டியது. முள் ஏறாமலே இருந்திருந்தால், டைனமோவின் இரு ஒயர்களையும் கழற்றி, அந்த இரு முனைகளையும் ஒன்றாக இணைத்து, எஞ்சினை மெல்ல ஓட்டி டைனமோவைத் தனியே சோதித்திருப்பாராம். இங்கே அதற்குத் தேவை எழவில்லை. டைனமோ வேண்டியதற்கு மேலேயே தந்துகொண்டிருந்தது.

ரெகுலேட்டரையும் அவர் உடனே மாற்றவில்லை. அதன் எர்த் ஒயரைப் பின்தொடர்ந்து போனார். அது பாடியோடு சேரும் போல்ட்டில் துரு. எர்த் சரியில்லாவிட்டால் காக்கும் சுருளுக்கு முழு அழுத்தம் கிட்டாது. உள்ளதைக் குறைவாகவே உணரும். ஆகவே இன்னும் இன்னும் என்று விட்டுக்கொண்டிருக்கும். உப்புத்தாளால் தேய்த்து, போல்ட்டை இறுக்கினார். முள் 14.4இல் நின்றது.

மூன்றாவது பேட்டரி வாங்கவில்லை. மாதம் ஒருமுறை மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார், பார்க்கிறேன். டயாலிசிஸுக்கு முன்னும் பின்னும் எடை பார்க்கப்படுகிறவர் என்பதாலோ என்னவோ, அப்பா பின்னிருக்கையிலிருந்து அக்கறையாகக் கேட்பார்: "எவ்வளவுப்பா காட்டுது?"